தூக்குச் சிந்து எழுதிய சப்மிட் டிராஸ்க்

எங்கள் மில்பரோவில் ஒருவனைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்றால் முதலில் நிம்மதி கெடுவது அவனுக்கல்ல, சப்மிட் டிராஸ்குக்குத்தான். அவனுக்கென்ன, சாகப்போகிறவன். இவள் அதற்குள் பாட்டை முடித்தாக வேண்டும். தூக்கு நடக்கிற அன்று காலையில் தாள் அச்சாகி, மை காய்ந்து, மேடையடியில் விற்பனைக்கு வந்துவிட வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு செத்தவன் பாட்டை எவன் வாங்குவான்? அதனால் கயிற்றடியில் நின்று என்ன சொல்லப்போகிறோம் என்பது அந்த ஆளுக்கே தெரியாதபோது, எங்களுக்கு முந்தின வாரமே தெரிந்திருக்கும். 'கண்ணீர் பெருக, கைகளைக் கூப்பி, பெற்ற தாயின் பெயரைச் சொல்லி உயிர் நீத்தான்' என்று நானே ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்திருக்கிறேன். அதே நேரத்தில் அந்தப் புண்ணியவான் சிறையில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் பன்றிக்கறி இல்லை என்று காவலாளியைத் திட்டிக்கொண்டிருப்பான்.

நான் கெசியா ஹோல்ப்ரூக். ஊரில் இருக்கிற ஒரே அச்சுக்கூடம் என் கணவர் எஸ்ராவுடையது. வாசல் பலகையில் இருப்பது அவர் பெயர், எழுத்துக் கோப்பது நான். மை தடவுகிற ஆட்டுத்தோல் உருண்டைகள் விறைத்துப்போகாமல் இருக்க அவற்றை மூத்திரத்தில் ஊறப்போடுவது எங்கள் தொழில் வழக்கம். அதற்கு வீட்டில் எல்லாரும் பெருந்தன்மையாகப் பங்களிப்போம். போதகரின் பிரசங்கமும் அந்த உருண்டையில்தான் அச்சாகும், கொலைகாரன் பாட்டும் அதே உருண்டையில்தான். எல்லா மனிதரும் சமம் என்று எங்கள் அமெரிக்கா சுதந்திரம் வாங்கினபோது பெரிதாகச் சொன்னார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்த இடம் எங்கள் அச்சுக்கூடம் ஒன்றுதான்.

எங்களிடம் தூக்கில் தொங்குகிற மனிதனின் படம் செதுக்கிய மரக்கட்டை ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. கால்சட்டை, தொப்பி, பக்கத்தில் ஒரு காகம். நெட்டையன், குட்டையன், கடற்கொள்ளைக்காரன், குதிரைத் திருடன் எல்லாருக்கும் அதே படம்தான். எவனும் வந்து முகம் சரியில்லை என்று சண்டை போட்டதில்லை.

சப்மிட் என்றால் அடங்கி நட என்று பொருள். அப்பா அம்மா ஆசைப்பட்டு வைத்த பெயர். ஆசைப்படுவதற்குக் காசா பணமா? புருஷன் ஜோத்தம் பீப்பாய் செய்கிறவர், குடிகாரர். ஒரு நாள் வண்டியில் ஏற்றின பீப்பாய் ஒன்று உருண்டு அவர்மேலேயே விழுந்தது. "அந்த மனுஷன் செஞ்சதுலயே ஒழுகாத பீப்பா அது ஒண்ணுதான்" என்று சப்மிட் சொல்வாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துவாள். புருஷன் கல்லறைக்கு அவளே நாலு வரி எழுதிக் கொடுத்தாள். கல்தச்சன் வரிகளைச் செதுக்கிவிட்டு, அடியில் பெரிதாகத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.

பிறகு எங்கள் கடைக்குப் பஞ்சாங்கத் தாள்களை மடித்துத் தைக்க வந்தாள். அதுவரை தூக்குச் சிந்து எழுதிக்கொண்டிருந்தவர் பள்ளி ஆசிரியர். அவர் கடல்கடந்து போய்விட்டார். எஸ்ரா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, ஊசியை வாயில் கவ்விக்கொண்டே இவள் பத்து வரி சொன்னாள். அன்று தொடங்கியது. கைதிகளுக்கு மட்டுமா எழுதினாள்? கடலில் போன மாலுமிகளுக்கு ஒப்பாரி, புத்தாண்டுக்குப் பத்திரிகை போடுகிறவன் வீடு வீடாய்க் கொடுக்கிற வாழ்த்து, ரம் குடிக்காதே என்று ஒரு பாட்டு, ரம் கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் ரம்மைப் புகழ்ந்து ஒரு பாட்டு. பாதி ஊர் அவள் வரிகளைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தது. சாராயக் கடைச் சுவரில் அவள் பாட்டு, பண்ணை வீட்டுக் கணப்புக்கு மேலே அவள் பாட்டு. பெயர் மட்டும் எதிலும் இல்லை. கொலைகாரன் பாட்டென்றால் 'சிறையில் தன் கையால் எழுதியது' என்று போடுவோம். மற்றதெல்லாம் 'இந்த மாவட்டத்துக் கனவான் ஒருவர் எழுதியது'.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. தன் பெயரை ஒரே ஒரு முறை அச்சில் பார்த்துவிட வேண்டும். பட்டு உடைக்காரிகள்தான் ஆசைப்படலாம் என்று சட்டமா இருக்கிறது? பொடி எழுத்தில், அடியில், ஒரு ஓரத்தில் போட்டால் போதும் என்பாள்.

"தம்பி, இந்தத் தடவையாவது போட்டுடேன்" என்று எஸ்ராவிடம் கேட்பாள்.

"அக்கா, உங்களுக்கு வியாபாரம் புரியல. கொலைகாரன் பாட்டுன்னாத்தான் ஜனம் அள்ளிக்கிட்டுப் போவும். துணி தைக்கிற பொம்பள பாட்டுன்னா எவன் தொடுவான்?"

"அப்ப நான் ஒருத்தனைக் கொன்னாப் போடுவியா?"

"தாராளமா. பெரிய எழுத்துல போடுவேன்."

"உன்னைக் கொன்னா அச்சடிக்க ஆள் இல்லையேன்னு பாக்கறேன்" என்பாள் அவள். எஸ்ரா சிரிப்பார். நான் சிரித்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

இப்படி இருக்கையில்தான் அசஹேல் கவ் மாட்டினான். ஊர் ஊராய்ப் போய்த் திருடுகிறவன். எங்கள் போதகர் எலிஃபலெட் ஸ்டோர்ஸ் வீட்டில் இரவில் புகுந்து, வெள்ளிக் கரண்டிகள், ஒரு வட்டப் பாலாடைக்கட்டி, போதகரின் பொய்முடி எல்லாவற்றையும் மூட்டை கட்டியவன், ஓடாமல் அங்கேயே தூங்கிவிட்டான். காலையில் போதகர் இறங்கி வந்து பார்த்தால், கணப்பு முன்னால் அவருடைய நாற்காலியில், அவருடைய பொய்முடியோடு, வாயைப் பிளந்துகொண்டு ஒருவன். இரவில் வீடு புகுந்தால் எங்கள் சட்டப்படி தூக்கு. நீதிபதி மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சப்மிட் தைப்புக் கூடையோடு சிறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சின்ன வயசுல ஓய்வுநாள்ல கோயிலுக்குப் போகாம மீன் புடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். எல்லாச் சிந்தும் அங்கேதான் தொடங்கும்.

"இல்லக்கா. எனக்குத் தண்ணின்னாலே பயம்."

"புடிச்சிருக்கே. சீட்டாட்டம்?"

"தெரியாதுக்கா."

"தெரியும். கெட்ட பொம்பள சகவாசம்?"

"அதுக்கெல்லாம் எங்கக்கா நேரம்?"

"ஏண்டா, ஒரு பாவமும் ஒழுங்காப் பண்ணாம நேராத் தூக்குக்கு வந்து நின்னா நான் என்னத்தடா எழுதறது?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேணும்னா ரெண்டு கொலை சேத்துக்கக்கா. அடுத்த ஊருக்காரனுங்க கேவலமாப் பேசக் கூடாதில்ல."

"கொலையெல்லாம் முடியாது. அப்புறம் செத்தது யாருன்னு கேப்பாங்க. சரி, அதை விடு. கையில மூட்டை இருக்கு, கதவு திறந்து கெடக்கு. ஏன் ஓடல?"

அவன் சங்கிலியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டான். "அந்த நாற்காலிதான்க்கா. நெருப்பு அணையாம இருந்துச்சு. சும்மா ஒரு நிமிஷம் உக்காந்து பாப்போம்னு உக்காந்தேன். எனக்கு அப்படி உக்காந்து பழக்கமில்ல. பொறந்ததுலேருந்து யாரு வீட்டுலயும் நெருப்புக்கிட்ட என்னை உக்கார வெச்சதில்ல. அதான், எந்திரிக்க மனசு வரல."

சப்மிட் கூடையை மூடினாள். மறுநாள் கொண்டுவந்த பாட்டில் மீனும் இல்லை, சீட்டும் இல்லை, தாயின் கண்ணீரும் இல்லை.

பூட்டை உடைத்தது பொன்னுக்காகத்தான்,
போனதும் கண்டேன் நாற்காலி;
மூட்டிய கணப்பின் முன்னால் அதுவும்
முதன்முறை எனக்காய்க் காத்திருக்க,
வீட்டைத் திருடும் வேலை மறந்தேன்,
வீடென்ன என்றே தெரிந்துகொண்டேன்.

நான் கோத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கண் மறைத்து, எழுத்து தலைகீழாய் விழுந்தது. "அக்கா, இதுக்குப் பேர் போட்டே ஆவணும்" என்றேன். எஸ்ராவும் படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு சரியென்றார். அடியில் பொடி எழுத்தில் நானே அவள் பெயரைக் கோத்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து அச்சாகியிருந்த தாளைப் பார்த்தால், அந்த இடத்தில் 'அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் இவ்விடம் கிடைக்கும்' என்று இருந்தது. பஞ்சாங்கம் விற்க வேண்டாமா என்று கேட்டார் அந்த மனிதர். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. பட்டினி கிடந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை, விற்பனையை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

தூக்கு நாள் எங்கள் ஊருக்குத் திருவிழா. இஞ்சி ரொட்டிக்காரி, ஆப்பிள் சாறு வண்டி, தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்த அப்பன்மார் எல்லாரும் வந்தாயிற்று. போதகர் ஸ்டோர்ஸ் மேடை ஏறிப் பிரசங்கம் தொடங்கினார். அவர் பிரசங்கத்துக்குப் பயந்தே பாதிப் பேர் கயிற்றுக்கு ஏங்குவார்கள். எல்லா வருஷமும் போலவே, முன்பு எங்கள் ஊரில் தூக்கில் தொங்கிய கடற்கொள்ளைக்காரன் நெகேமியா ஃபிஞ்ச் கதையைச் சொன்னார். எவ்வளவு கொடியவன், கடைசி மூச்சில் எப்படி ஆண்டவரை அழைத்து மனம் திரும்பினான் என்று, எங்கள் தாளையே எடுத்து உருக்கமாகப் படித்துக் காட்டினார். கூட்டம் உருகியது. சப்மிட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கடைசி மூச்சு அவள் எழுதியது. ஃபிஞ்ச் உண்மையில் சாகும்போது சொன்னது காவல் அதிகாரியின் தாயாரைப் பற்றி. அதை இங்கே எழுத முடியாது.

அசஹேல் கழுத்தில் கயிறு போட்டாயிற்று. அப்போது கவர்னரின் ஆள் குதிரையில் வந்தான். மன்னிப்பு. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, கவர்னருக்கு இரக்கம் பொங்கிவிட்டது.

கூட்டத்துக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "செத்துட்டான்னு போட்டிருக்கே, இவன் நின்னு முழிக்கிறானே!" என்று ஒருவன் தாளை எஸ்ராவின் மூக்கில் ஆட்டினான். "ரெண்டு நாள் பொறுங்க, எப்படியும் ஒரு நாள் சாவான்" என்றார் எஸ்ரா. அடி விழுந்திருக்கும். அதற்குள் யாரோ, "டேய், உன் பாட்டையாவது பாடுடா!" என்று கத்தினார்கள். அசஹேலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிறையில் சப்மிட் பாடிக் காட்டியதை மனப்பாடம் செய்திருந்தான். கயிறு கழுத்தில் கிடக்க, நடுங்குகிற குரலில் நாற்காலிப் பாட்டைப் பாடினான். இஞ்சி ரொட்டிக்காரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். காவல் அதிகாரி அழுதார். சாயங்காலத்துக்குள் அசஹேல் கவ் கவிஞனாகிவிட்டான்.

பாட்டு எங்கள் தாளைவிட வேகமாக பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே லெமுவேல் ஆப்டன் என்று ஒரு பெரியவர் மாதப் பத்திரிகை தொடங்கியிருந்தார். இங்கிலாந்துக்காரர்கள் 'உங்கள் நாட்டில் மரம் இருக்கிறது, மீன் இருக்கிறது, ஒரு கவிஞன் உண்டா?' என்று கேலி செய்வது அவருக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல், காடு மாதிரி தானாக முளைத்த ஓர் அமெரிக்கக் கவிஞனை வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்தார். திருடன் கிடைத்துவிட்டான். வண்டி கட்டிக்கொண்டு மில்பரோவுக்கே வந்தார். போதகர் வீட்டில் விருந்து. அசஹேலை அதே கணப்பின் முன்னால், அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெள்ளிக் கரண்டிகளை மட்டும் போதகரின் மனைவி முன்ஜாக்கிரதையாகப் பூட்டி வைத்துவிட்டாள்.

சப்மிட் நேரே உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஐயா, அந்தப் பாட்டு நான் எழுதினது" என்றாள்.

ஆப்டன் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மணி, நீங்க சிறையில இருந்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"திருடியிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இந்த வேதனை உங்களுக்கு எப்படித் தெரியும்? அனுபவிச்சவன் எழுதினதும்மா இது. தையல் போடறவங்களால முடியற காரியமா?"

அசஹேல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். திருடன்தான், ஆனால் எங்கள் ஊரில் பலரைவிட யோக்கியன். "ஐயா, நான் எழுதலீங்க. எனக்கு என் பேரே எழுத வராது. இந்தக்காதான் எழுதினாங்க."

ஆப்டனின் கண் கலங்கிவிட்டது. போதகர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா அடக்கத்தை! உண்மையான மேதை இப்படித்தான் இருப்பான்."

நான் வாயைத் திறக்குமுன் சப்மிட் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "விடுடி கெசியா. அந்தாளுக்குக் காதுல பாட்டு மட்டுந்தான் விழும்போல."

அடுத்த மாதம் பத்திரிகையில் அசஹேலைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது. அவனுக்குப் புதுக் கோட்டு வந்தது. இன்னொரு பாட்டு வேண்டுமென்று கடிதமும் வந்தது. அவன் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் கடைவாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இன்னொண்ணு கேக்கறாங்க. நான் என்ன செய்ய?"

"உனக்கு எழுதினது போதுண்டா. இனி எனக்கு எழுதப்போறேன்" என்றாள் சப்மிட்.

மறுவாரம் எஸ்ராவின் முன்னால் ஒரு தாளை வைத்தாள். 'விதவை சப்மிட் டிராஸ்கின் மரண வாக்குமூலம்' என்று தலைப்பு.

எஸ்ரா பயந்துபோனார். "அக்கா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாகப்போறவனுக்குத்தானே நீ பேர் போடுவே? நான் சாகப்போறவதான். என்னைக்குன்னுதான் தெரியாது. உனக்குந்தான் தெரியாது."

"குத்தம் வேணுமேக்கா."

"நிறைய இருக்கு, படி."

குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொண்டிருந்தாள். 'சீட்டைத் தொடாதவனைச் சூதாடி ஆக்கினேன். நல்ல தாயைப் பெற்றவனுக்கு, வளர்க்கத் தெரியாத தாயைக் கொடுத்தேன். மனைவியோடு மட்டும் வாழ்ந்தவனைக் கெட்ட வீட்டு வாசலில் நிறுத்தினேன். கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே செத்த கடற்கொள்ளைக்காரனைக் கைகூப்ப வைத்தேன். ஊர் அதைக் கேட்டு வருஷாவருஷம் அழுகிறது.' நடுவில் இரண்டு வரி வந்தது:

கயிறு கொன்றது உடலை மட்டும்,
கதையைக் கொன்றது என் பேனா.

அடியில், 'இதை எழுதியவள் சப்மிட் டிராஸ்க், அவளேதான், உயிரோடு' என்று முடித்திருந்தாள்.

எஸ்ரா இரண்டு முறை படித்தார். அவருக்கு மனசாட்சி இருக்கிறதோ இல்லையோ, விற்பனை வாசனை பிடிக்கிற மூக்கு உண்டு. "போடறேன்" என்றார். இந்த முறை நான் அச்சு யந்திரத்தை விட்டு நகரவில்லை. அவள் பெயரை, கவர்னரின் அறிவிப்புக்கு மட்டும் எடுக்கிற பெரிய எழுத்தில் கோத்தேன்.

படத்தில்தான் சிக்கல் வந்தது. எங்களிடம் இருந்தது கால்சட்டை போட்ட மனிதன். மரக்கட்டையில் செதுக்கி எடுக்கலாம், ஒட்டவா முடியும்? "பொம்பளைக்குக் கால்சட்டை போட்டா என்னைத் தூக்குல போட்டுருவாங்க" என்றார் எஸ்ரா. கடைசியில் நானும் சப்மிட்டும் இஞ்சி ரொட்டிக்காரியும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் ஒரு பாவாடை வரைந்தோம். இஞ்சி ரொட்டிக்காரி பூப் போட்ட பாவாடைதான் வரைவேன் என்று அடம்பிடித்தாள். முதல் தாள் யந்திரத்திலிருந்து வந்தபோது சப்மிட் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தன் பெயரை விரலால் தொட்டாள். ஈர மை விரலில் ஒட்டிக்கொண்டது. சாப்பிடும்போதுகூட அவள் அந்த விரலைக் கழுவவில்லை.

ஊர்ப்படைப் பயிற்சி நாளில் தாள்களை மைதானத்துக்குக் கொண்டுபோனோம். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு தாளைப் படித்தவர்கள் வரிசை கலைந்து சிரித்தார்கள். மாலைக்குள் ஒரு தாள்கூட மிச்சமில்லை. ஆனால் ஆப்டனின் பத்திரிகை வந்தபோது அதில் இப்படி இருந்தது: 'மில்பரோவிலிருந்து வந்துள்ள இந்தக் கிண்டல், படித்த கனவான் ஒருவரின் கைவரிசை என்பது தெளிவு. அடங்கு என்று பொருள்படும் பெயரை ஓர் அடங்காத பெண்ணுக்குச் சூட்டியிருப்பதே அவரது நகைச்சுவைக்குச் சான்று. அப்படி ஒரு பெண் இருக்க வாய்ப்பில்லை.'

சப்மிட் படித்தாள். புருஷன்மேல் பீப்பாய் விழுந்தபோதுகூட எங்கள் முன்னால் அவள் அப்படி அழுததில்லை. தைத்த பஞ்சாங்கக் கட்டின்மேல் தலையை வைத்துக்கொண்டு விம்மினாள். "பேர் போட்டாலும் நான் இல்லைங்கறாங்களேடி" என்றாள். எனக்கு பாஸ்டனை அப்படியே கடலில் தள்ளிவிடலாம்போல இருந்தது.

போதகர் ஸ்டோர்ஸுக்கு வேறு கவலை. ஃபிஞ்சின் மனந்திரும்புதலைச் சொல்லிச் சொல்லியே அவர் பெயர் வாங்கியவர். இப்போது ஊர்ப் பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் கைகூப்பி ஃபிஞ்ச் மாதிரி நடித்தார்கள். கோயில் சபை கூடி சப்மிட்டை விசாரிக்கும் என்று அறிவித்தார். சபை தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. திருவிருந்து இல்லை, கூட உட்கார்ந்து யாரும் சாப்பிடமாட்டார்கள், தையல் வேலை வராது. முந்தின நாள் அவரே கடைக்கு வந்தார்.

"சகோதரி, நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. சபையில ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, 'நான் எழுதல'ன்னு. பாஸ்டன்ல பெரிய மனுஷரே எழுதியிருக்கார், இது யாரோ கனவான் செஞ்ச வேலைன்னு. அதையே நானும் சொல்லிடறேன். உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல."

"ஃபிஞ்சும் மோட்சத்துலயே இருந்துடுவான்" என்றேன் நான். அவர் காதில் வாங்கவில்லை.

அவர் போனதும் எஸ்ரா சொன்னார்: "அக்கா, ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டுப் போங்க. அவங்கவங்க வேலை நடக்கும்."

"உன் பஞ்சாங்கத்தையும் யாராவது தைக்கணும்ல" என்றாள் சப்மிட்.

ஓய்வுநாள் இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள். ஊர் முழுக்க அங்கே இருந்தது. சப்மிட்டை நடுவில் நிற்க வைத்தார்கள். ஜோத்தமின் இழவுக்குப் போட்ட கறுப்பு உடையையே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். போதகர் தாளை, செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இதை நீங்க எழுதல. அப்படித்தானே, சகோதரி?" என்று கேட்டார். கேள்வியிலேயே பதிலை வைத்து ஊட்டினார்.

பின்வரிசையிலிருந்து அசஹேல் எழுந்தான். "ஐயா, அதையும் அவங்கதான் எழுதினாங்க, என்னோடதையும் அவங்கதான்."

"நீ உக்காரு!"

"உக்காந்துதானுங்க அன்னைக்கே மாட்டினேன்" என்றான் அவன். மாடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. போதகரின் கழுத்து சிவந்தது.

"சகோதரி சப்மிட். எழுதினீங்களா, இல்லையா?"

இரண்டு பக்கமும் பெஞ்சுகளைப் பார்த்தாள். அவள் தைத்த சட்டைகள்தான் அங்கே பாதி. பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வரியும். திருடனோட பாட்டும் நான்தான். நீங்க வருஷாவருஷம் படிச்சு அழ வெக்கிறீங்களே, அந்த ஃபிஞ்ச் பாட்டும் நான்தான். நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்லீங்களா ஐயா?"

அதற்குமேல் ஓட்டெடுப்பெல்லாம் வெறும் சடங்கு. போதகர் தீர்ப்பை எழுதி எழுந்து நின்று படித்தார்: 'இவ்வூர் விதவை சப்மிட் டிராஸ்க், மேற்படி அச்சுத்தாளையும் இதற்கு முந்தைய பல பாட்டுகளையும் தானே எழுதியவள் என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டதால், இச்சபையிலிருந்து நீக்கப்படுகிறாள்.'

சப்மிட் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஐயா, பின்னால இருக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சத்தமாப் படிங்க."

குரல்வளம் பற்றி யாராவது குறை சொன்னால் எங்கள் போதகருக்குப் பொறுக்காது. என்ன கேட்கிறாள் என்று யோசிக்காமல், தொண்டையைச் செருமி, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் கணீரென்று படித்தார். இரண்டாம் முறை 'தானே எழுதியவள்' என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அப்போதுதான் போதகருக்கு விளங்கியது. தாளைக் கீழே வைத்தார், ஆனால் படித்தது படித்ததுதான். எஸ்ரா அதற்குள் கதவருகே போயிருந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

சபைத் தீர்ப்பு அந்த வாரமே எங்கள் அச்சுக்கூடத்து வாரப் பத்திரிகையில் வந்தது. பத்திரிகைக்காரர்கள் ஒருவர் தாளை ஒருவர் கூசாமல் திருடிப் போடுவது எங்கள் நாட்டு வழக்கம். ஹார்ட்ஃபோர்டில் போட்டார்கள், நியூயார்க்கில் போட்டார்கள், பிலடெல்பியாவில் போட்டார்கள். எல்லாவற்றிலும் 'தானே எழுதியவள்'. கனவான் ஒருவர் எழுதியது என்று சொன்ன ஆப்டனும் கடைசியில் போட வேண்டியதாயிற்று. ஒரு போதகரும் ஒரு முழுச் சபையும் சேர்ந்து கொடுத்த சான்றிதழை அவரால் கிண்டல் என்று சொல்ல முடியவில்லை.

தையல் வேலை நின்றது நிஜம். கோயில் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. சப்மிட்டுக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கொல்லைப்பக்க வழியாக, முக்காடு போட்டுக்கொண்டு, தங்கள் வாக்குமூலத்தையும் எழுதித் தரச் சொல்லி ஊர்ப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். போதகரின் மனைவியும் வந்தாள். அவள் என்ன ஒப்புக்கொண்டாள் என்பதை எவ்வளவு கெஞ்சியும் சப்மிட் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கோயிலில் இருக்கும்போது, சப்மிட் தன் வீட்டுக் கணப்பை நன்றாக எரியவிட்டு, ஜோத்தமின் பழைய நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போடுவாள். அசஹேல் வந்து உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். அவன் எழுந்து போனதும் அவள் கரண்டிகளை எண்ணிப் பார்ப்பாள். ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. ஒரு வாரம் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது, வெள்ளிக் கரண்டி, போதகர் வீட்டு முத்திரையோடு. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று நானும் அவளும் ஒப்புக்கொண்டோம். இன்னும் கொடுக்கவில்லை.